கட்டைப் பரலுக்கு ஒரு தீர்ப்பு

துவக்குக் கடையில வேலை செய்யிறவன் முதல் படிக்க வேண்டியது துவக்கைப் பற்றி இல்லை, சனம் சொல்லுற சாட்டுகளைப் பற்றி. கனடாவில, ஸ்காபரோவில இருக்கிற எங்கட கடையின்ர பின்பக்கத்தில நீட்டா, ஜன்னல் இல்லாத ஒரு அறை கிடக்கு. றேஞ்ச் எண்டு சொல்லுறது அதைத்தான். புதுசா வாற ஒவ்வொரு பரலையும், அதாவது துவக்கின்ர குழலை, செமி ஓட்டோ ரைபிளில பூட்டி, மேசையில வைச்சு, தூரத்தில தொங்கிற கடதாசிக்கு அஞ்சு வெடி வைக்கிறது என்ர வேலை. அஞ்சு ஓட்டையும் நெருங்கி விழுந்தால் நல்ல பரல். சிதறி விழுந்தால் கூடாத பரல். மனிசரைச் சுடுற சாமான் இல்லை, கடதாசியைச் சுடுற சின்ன ரவைத் துவக்கு. பயப்பிடாமல் வாசியுங்கோ.

அந்த றேஞ்ச் மேசைக்கு முன்னால இருக்கிற கதிரை எனக்குச் சும்மா கிடைக்கேல்லை. அதுக்கு முதல் பிறம்ரனில ஒரு வெயாஹவுசில பெட்டி தூக்கி இடுப்பு நாரி போன ஆள் நான். முதலாளி ஒரு உக்ரேன்காரக் கிழவன். என்னை அதில இருத்தேக்க ஒண்டுதான் சொன்னவர்: ஓட்டைகள் நெருங்கி விழும் வரைக்கும் கதிரை உன்ர, விரியத் தொடங்கினால் நீ பின்னுக்கு லொறியில பெட்டி இறக்கப் போகவேணும். எனக்கு அறுபது தாண்டிட்டுது. இனியும் பெட்டி தூக்கினால் நாரி என்னோட கோவிச்சுக்கொண்டு போயிடும். நகைக்கடையோ, மீன்கடையோ, இன்சூரன்சோ, மேசைக்கு இந்தப் பக்கம் நிண்டு சனத்தின்ர வாயைத் தாங்கிற என்ர சகோதரங்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

காத்து

அஜக்சில இருந்து ஒரு ஐயா வாறவர். பென்சன் எடுத்த கணக்காளர். அவற்ர வெடி ஒண்டு மேல போகும், ஒண்டு கீழ போகும், மற்றது கடதாசிக்கே போகாது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம், அந்தக் கதைதான். பரலை மாத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்து நிண்டார். ஏன் ஐயா எண்டு கேட்டன். இந்தப் பரல் காத்துக்கு இழுக்குது எண்டார். நாலு பக்கமும் சுவர் வைச்ச அறைக்குள்ள காத்து எங்கால வாறது எண்டு கேட்டன். அண்ணாந்து ஏசியைக் காட்டினார்.

வாடிக்கையாளர் கடவுள் எண்டு முதலாளி சுவரில எழுதி வைச்சிருக்கிறார், நான் என்ன செய்ய? போய் ஏசியை நிப்பாட்டினன். ஐயா திரும்பவும் அஞ்சு வெடி வைச்சார். இந்தமுறை ஒண்டு பக்கத்து லேனில தொங்கின கடதாசியில விழுந்து கிடந்தது. ஐயா துவக்கை மெல்ல மேசையில வைச்சு, நெத்தி வேர்வையைத் துடைச்சு, என்னைக் குற்றவாளி மாதிரிப் பாத்துக்கொண்டு சொன்னார்: “பாத்தியோ தம்பி, நீ ஏசியை நிப்பாட்டினவுடன பரல் சூடாப் போட்டுது.”

மட்டை

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு நாடா ஓடி வந்து சேர்ந்த சனத்துக்கு முன்னால, நான் துவக்குக் கடையில வேலை எண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்கே வேலைக்குச் சேர்ந்த புதுசில முதல் வெடிக்கு நெஞ்சு இடிக்கும். ஆராவது என்னைப் பிடிச்சு வான் வண்டியில ஏத்தப் போறாங்கள் எண்டு கதவைத் திரும்பிப் பாப்பன். அதால என்ர மனுசி பிலோமினா ஊருக்கெல்லாம், இவர் ஸ்போட்ஸ் சாமான் கடையில நிக்கிறார் எண்டு சொல்லி வைச்சிருந்தவ. பொய்யும் இல்லைத்தானே.

மார்க்கம் நகரில ஒரு சாமத்தியவீடு, பிள்ளை பெரியபிள்ளையான கொண்டாட்டம். முடிஞ்சு வெளிக்கிடேக்க எங்கட மாதா கோயில் பங்கு அக்கா ஒராள் எங்கட காரில ஏறினவ. பின் சீற்றில நான் மறந்துபோய் விட்ட கடதாசி, நடுவில கறுப்பு வட்டம், வட்டத்துக்குள்ள ஓட்டை. அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தா. பிலோமினாவுக்கு மூச்சு நிண்டுபோச்சு. நான் உண்மையைச் சொன்னன். அக்கா மாதாவே எண்டு நெஞ்சில கை வைச்சா. இந்தச் சனியனுக்குப் பயந்தெல்லோ வீடு வளவை விட்டிட்டு வந்தனாங்கள் எண்டா. கண்ணும் கலங்கிப்போச்சு. எனக்கும் என்னவோ செய்தது. கார் நாலு சிக்னல் தாண்டிச்சுது. பிறகு அக்கா தொண்டையைச் செருமினா: “அது போகட்டும், ஸ்போட்ஸ் கடைதானே, பேரனுக்கு ஒரு நல்ல பட்மின்ரன் மட்டை கழிவு விலையில எடுத்துத் தரேலாதோ?”

ஒன்பது பேரும் ரெண்டு சங்கமும்

எங்கட கடைக்கு வாற தமிழ் ஆக்கள் சேர்ந்து ஒரு குறிபார்ப்போர் சங்கம் தொடங்கினவை. மொத்தம் ஒன்பது பேர். தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், ரெண்டு காப்பாளர். மிச்சம் ஒராள் வெறும் அங்கத்தவர். அவரும் அடுத்தமுறை தலைவர் எண்ட வாக்குறுதியிலதான் பொறுத்துக்கொண்டு இருந்தவர்.

அந்த நேரம் பாத்து ஒரு புது மட்ச் பரல் வந்துது. போட்டிக்கெண்டு திறமாச் செய்த சாமான், விலையும் அப்பிடி, ஆனால் கட்டை. தலைவர் பெட்டியைக் கண்டவுடன, எனக்கு இதுதான் வேணும் எண்டார். செயலாளர், நீட்டுப் பரலால சுடுறதுதான் முறை, கட்டைப் பரல் சங்கத்துக்கு மரியாதை இல்லை எண்டார். ஒரு கிழமையில சங்கம் ரெண்டாப் போட்டுது. அங்கத்தவர் மட்டும் ரெண்டு பக்கத்துக் கூட்டத்துக்கும் போய் வடை திண்டவர். கடைசியா ரெண்டு பகுதியும் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு விசயம்: செபா அண்ணை சோதிச்சுப் பாக்கட்டும், அவர் சொல்லுறது தீர்ப்பு. செபா அண்ணை வேற ஆருமில்லை, நான்தான். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை. செயலாளர் என்னைத் தனிய இழுத்துக்கொண்டு போய், தோளில கை போட்டுச் சொன்னார்: “அண்ணை, நீங்கள் நடுவில நில்லுங்கோ, ஆனால் எங்கட பக்கமா நில்லுங்கோ.”

அஞ்சு வெடி

கட்டைப் பரலைக் கையில எடுக்கவே ஆசையா இருந்துது. தடிச்சுப்போய், மினுமினுத்து, உள்ளுக்கு எட்டிப் பாத்தால் புரி எல்லாம் வடிவாச் சுத்திக்கொண்டு போகுது. கட்டை எண்டதால குறை இல்லை. நீட்டுத் தடியை விடக் கட்டைத் தடி ஆடாது, அதுதான் இதின்ர விசயமே. துடைச்சுப் பூட்டி, மேசையில மண்மூட்டைக்கு மேல சாத்தி, மூச்சைப் பிடிச்சு அஞ்சு வெடி வைச்சன். கடதாசியை இழுத்துப் பாத்தால், கோதாரி, ஓட்டைகள் கோழி கிளறின மாதிரிக் கிடக்கு. குறிபாக்கிற ஸ்கோப்பின்ர ஆணியை இறுக்கினன். ரவையை மாத்தினன். பரலைக் கழட்டித் திரும்பப் பூட்டினன். அறை குளிர் எண்டன். என்ன செய்தும் அதே கோழி.

சாமான் சரியில்லை, திறமெல்லாம் பெட்டியில மட்டும்தான் எண்டு ஷரோனுக்குச் சொன்னன். ஷரோன் எங்கட கடையில நிக்கிற பிள்ளை. இஞ்சை ஸ்காபரோவிலயே, டோர்செட் பார்க்கில பிறந்து வளர்ந்தவள், துவக்கு லைசென்சும் எடுத்தவள். “அங்கிள், கான் ஐ ட்ரை?” எண்டாள். இருந்து பார் பிள்ளை எண்டன், பெரிய மனசோட. அவள் வைச்ச அஞ்சும் ஒரே ஓட்டையாகி, சட்டைப் பொத்தான் அளவில விழுந்துது. எனக்குச் சரியான கோவம். குருட்டு அதிர்ஷ்டம், இன்னொருக்கா வை எண்டன். வைச்சாள். இன்னொரு பொத்தான். ரெண்டு கடதாசியையும் பின்னால மறைச்சுக்கொண்டு என்ர பக்கம் திரும்பினாள்: “டோன்ற் பி மாட் அங்கிள், கோவிக்காமல் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பாருங்கோ, எனக்கு எத்தினை மூக்குத்தி?”

வெள்ளை

அவள் போட்டிருந்தது ஒரு மூக்குத்தி. எனக்கு ரெண்டு தெரிஞ்சுது, ரெண்டும் பனிக்குள்ள நிண்டமாதிரி.

கண் டொக்ரர் வலக்கண்ணில வெள்ளை படர்ந்திருக்கு, ஒப்பரேசன் செய்தால் சரிவரும், ஆனால் காத்திருக்க வேணும் எண்டார். வீட்டை வந்து சாப்பிடாமல் இருந்தன். யோசிச்சுப் பாருங்கோ. பரல் கூடாது எண்டு சொன்னால் ஆர் என்னைக் கேக்கப் போகினம்? பெட்டி திரும்பிப் போகும், என்ர கதிரை என்னட்டை இருக்கும். ஷரோனும் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டாள், அங்கிள் அங்கிள் எண்டு உயிர். எனக்குப் பயம். லொறிக்குப் பின்னால நிக்கிற அந்தப் பெட்டியளை நினைச்சால் நாரி இப்பவே இழுக்குது. எல்லாத்தையும் பிலோமினாவுக்குச் சொன்னன். சோத்துக் கோப்பையை எனக்கு முன்னால தள்ளிவிட்டிட்டுச் சொன்னவ: “உண்மையைச் சொல்லிப்போட்டுப் பெட்டியைத் தூக்குங்கோ, நாரிக்கு எண்ணெய் நான் பூசிவிடுறன், அந்தப் பிள்ளையின்ர வாயைப் பொத்தி வைச்சுச் சீவிக்க வேண்டாம்.”

எழுத்தில

அடுத்த சனிக்கிழமை தீர்ப்பு. ரெண்டு சங்கமும் கடைக்கு வந்து, ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிண்டுது. அங்கத்தவர் நடுவில. நான் ஷரோனின்ர பொத்தான் கடதாசியையும் என்ர கோழிக் கடதாசியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சன். பரல் நல்லது, கூடாதது என்ர கண்தான் எண்டு சொன்னன். ஐயோ பாவம், கண் என்னண்டு இருக்கு எண்டு ஒருத்தராவது கேப்பினம் எண்டு பாத்தன்.

தலைவர், நான் அப்பவே சொன்னனான் எண்டு கையைத் தூக்கினார். அவற்ர ஆக்கள் நாலு பேரும் கை தட்டிச்சினம். ஆருக்குத் தட்டினவை, பரலுக்கோ என்ர வெள்ளைக்கோ, எனக்கு விளங்கேல்லை. செயலாளர் விட்டுக் குடுக்கேல்லை. ஷரோனின்ர கடதாசியை ஓரமாத் தள்ளி வைச்சார், என்ர கடதாசியை எடுத்து மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார், பிறகு என்ர காதுக்குக் கிட்ட வந்தார்: “உங்கட கண்ணுக்கு அது சரிவரேல்லை எண்டது உண்மைதானே அண்ணை, அதை மட்டும் எழுத்தில தாங்கோ.”

கதிரை

எல்லாரும் போனாப்பிறகு முதலாளியிட்டைப் போனன். டொக்ரர் சொன்னதைச் சொன்னன், ஷரோன் சுட்டதைக் காட்டினன். கிழவன் அவளின்ர ரெண்டு கடதாசியையும் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். பிறகு ஷரோனைக் கூப்பிட்டு றேஞ்சுக் கதிரையைக் காட்டினார். அவள் என்ர முகத்தைப் பாக்காமல் போய் இருந்தாள். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. வெள்ளையால எண்டு சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை. கவலைதான். அந்தக் கதிரையில நான் ராசா மாதிரி இருந்தனான்.

நாரியில கையை வைச்சுக்கொண்டு லொறிப் பக்கம் நடந்தன். எங்கை போறாய் எண்டு முதலாளி சத்தம் போட்டார். பெட்டி இறக்க எண்டன். கிழவன் என்ர தோளைப் பிடிச்சுக் கடைப் பக்கம் திருப்பினார். அங்கை மேசையடியில மூண்டு பேர் கட்டைப் பரல் பாத்துக்கொண்டு நிண்டவை. மூண்டும் நரைச்ச தலை. ஒராள் பெட்டியைக் கை எட்டின தூரத்துக்குத் தள்ளிப் பிடிச்சு எழுத்து வாசிக்கிறார். ஒராள் கண்ணாடியைக் கழட்டி மூக்குக்குக் கிட்ட வைச்சு வாசிக்கிறார். மற்றவர் பெட்டியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறார். முதலாளி இங்கிலீசில சொன்னதைத் தமிழில சொன்னால் இதுதான்: “உந்தப் பரலை வாங்க வாறவங்களுக்கும் உன்ர வயசு, உன்ர கண், பரலை அவள் சோதிக்கட்டும், நீ போய் வாங்க வாறவனைச் சோதி.”

இப்ப நான் மேசையடியில நிண்டு வாங்க வாறவையைப் பாக்கிறன்; ஒப்பரேசனுக்கு நாள் தந்திருக்கினம், ஆனால் நல்ல சாமானில பிழை பிடிக்க எங்கட ஆக்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், ஒரு நாளும் கண் தேவைப்பட்டதில்லை.