டெப்பின் முதுகில் கட்டிய பேட்டரி

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் சொந்தக் காணியில் வீடு கட்டினேன், கடை போட்டேன், லொறி வாங்கினேன். மகளை உயர்தரம் வரை படிக்க வைத்தேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பாடமெல்லாம் இருந்த அவளுடைய டெப் கணினி, பேட்டரி உப்பி அணைந்துவிட்டது. பதுளை டவுனில் ஏறாத கடையில்லை. கடைசிக் கடைக்காரர் மட்டும் கழற்றிப் பார்த்தார்.

“ஐயா, இதுக்குரிய பேட்டரி இப்ப வாறதில்ல. இன்னொன்னு இருக்கு, ஆனா பெருசு. உள்ளுக்குப் போகாது.”

கூட வந்த மகளின் கண் கலங்கியது. நான் விடவில்லை.

“உள்ளுக்கு எதுக்கு தம்பி? எங்க லயத்து ரேடியோவுக்கு பேட்டரிய வெளியில வச்சு, சைக்கிள் டியூப்பாலதான் கட்டியிருந்தோம். வயர வெளிய எடுங்க.”

“இது ரேடியோ இல்லையே ஐயா!” என்று சிரித்தார்.

“ரெண்டும் கரண்டுலதானே ஓடுது?”

கொஞ்சம் யோசித்தவர், வயரை நீட்டி, பேட்டரியைச் சின்னப் பெட்டியில் அடக்கி, டெப்பின் முதுகில் கட்டிவிட்டார். திரையில் வெளிச்சம் வந்தது.

மகள் பாஸாகிவிட்டாள். கேட்பவர்களிடமெல்லாம் கடைக்காரரைப் புகழ்கிறாள். புகழட்டும், பாடுபட்டவர் அவர். ஒரு கிழவன் பேச்சை மதித்துக் கேட்டாரே, அதை நானும் மறக்கமாட்டேன். ஆனால் வழி சொன்னவன் நான். அதையும் சேர்த்துத்தான் அவள் சொல்ல வேண்டும்.