நான் தூக்கிய கொடி

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கால்பந்து நடுவர். அதற்கென்று பரீட்சை எழுதித் தேறியவன். என் கறுப்புச் சட்டையை மனைவியிடம்கூட இஸ்திரி போடக் கொடுக்க மாட்டேன், மடிப்பு கோணிவிடும் என்று. விதிப் புத்தகம் முழுக்க மனப்பாடம். டிக்கெட் கவுன்ட்டரில் யாராவது வரிசையில் புகுந்தால் எனக்கு விசில் ஊதத் தோன்றும். இப்படிப்பட்ட ஆளை யாருக்கும் பிடிக்காது, ஆனால் மரியாதை கொடுப்பார்கள். அந்த மரியாதைக்கு நான் எவ்வளவு ஏங்கிக் கிடந்தேன் என்பது எனக்கே அப்போது தெரியாது.

அந்த வருஷம் எங்கள் கம்பெனி அணி, நாடு முழுவதிலிருந்தும் அணிகள் வந்து மோதும் நாக்-அவுட் கோப்பை ஒன்றுக்குப் பெயர் கொடுத்தது. நாக்-அவுட் என்றால் ஒரே ஒரு தோல்வி, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதலில் சென்னை சுற்றுவட்டார அணிகளுக்குள் மூன்று தகுதி ஆட்டங்கள். மூன்றிலும் ஜெயித்தால் கேரளத்தில் நடக்கும் பிரதான சுற்றுக்குப் போகலாம்.

எங்கள் அணியின் லெப்ட் அவுட், அதாவது இடது ஓரமாக ஏறி விளையாடுகிறவன், முத்தாபுதுப்பேட்டையில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவி முழுகாமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போவோம். வெள்ளிக்கிழமைதோறும் அவன் வீட்டு மீன் குழம்பு சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

கம்பெனியில் அவன் டெம்பரரி. மேனேஜர் அணியைக் கூப்பிட்டு வைத்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கேரளா போய்விட்டால் அணியில் இருக்கும் டெம்பரரி ஆட்களுக்கு பர்மனன்ட் ஆர்டர். போகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. கம்பெனிக்கு வரும் ஆர்டர் குறைந்துகொண்டிருந்த நேரம் அது, அதனால் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் வெற்றி கோலை அவன்தான் போட்டான். கம்பெனியே அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கேன்டீனில் அவன் தட்டில் ஒரு வடை கூடுதலாக விழுந்தது. அவன் மனைவி என்னிடம், "அண்ணா, ஆர்டர் மட்டும் கைக்கு வரட்டும், மாதா கோயில்ல இவரு ஒசரத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்தப்போறேன்" என்றாள். நானும் அவனுக்காக ஜெபம் செய்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மனதார வேண்டிக்கொண்டவன்தான் நான்.

மூன்றாவது ஆட்டம் ஆவடியில் ஒரு செம்மண் மைதானத்தில் நடந்தது. நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஓரக்கோட்டில் நின்று கொடி காட்ட வர வேண்டிய லைன்ஸ்மேன்களில் ஒருவர் வழியில் ரயில் நின்றுபோய் மாட்டிக்கொண்டார் என்று தகவல் வந்தது. நடுவர் என்னைத் தெரிந்தவர், கொடியைப் பிடிக்கக் கூப்பிட்டார். நான் இந்தக் கம்பெனி ஆள், அது முறையில்லை என்று சொன்னேன். அப்போது எதிரணி மேனேஜர் குறுக்கிட்டார்.

"இவர்னா எங்களுக்கு ஓகே சார். பெத்த புள்ளையே ஆடினாலும் இவர் சாய மாட்டார்."

அந்தப் பேச்சு நேராக என் தலைக்கு ஏறியது. கொடியை வாங்கிக்கொண்டேன்.

முதல் பாதியில் பிரச்சினை ஏதுமில்லை. இரண்டாம் பாதியில் எங்கள் அணி என் பக்கம் இருந்த கோலை நோக்கித் தாக்கியது. பந்து ஒருமுறை எதிரணி ஆள் காலில் பட்டு வெளியே போக, எங்கள் அணிக்கு த்ரோ கொடுத்தேன். சரியான தீர்ப்பு. ஆனால் எனக்குப் பின்னால் நின்றிருந்த கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"இன்னா அண்ணாத்தே, கம்பெனி சம்பளம் வாங்கிகினு கம்பெனிக்கே கொடி ஆட்டுறியா?"

இன்னொருவன் என் பக்கத்துத் தெருக்காரனாக இருக்க வேண்டும். "மச்சான், அந்த லெப்ட் அவுட்டு ஊட்டு மீன் கொழம்பு சாப்ட்டவண்டா இவுரு!" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. மனிதன் கோபத்தில் இருக்கும்போது கொடியைக் கையில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் அதற்கு விதிப் புத்தகத்தில் விதி இல்லை.

ஆட்டம் முடிய சில நிமிஷம்தான் பாக்கி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நடுவிலிருந்து எங்கள் ஆள் ஒருவன் பந்தை நீளமாக உதைத்தான். அந்த நொடியில் எங்கள் லெப்ட் அவுட், எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றிருந்தால் அது ஆஃப்சைடு. அவன் தாண்டவில்லை. அந்த ஆளுக்கு ஒரு கை நீளம் பின்னால் இருந்தான். நான் சரியாக அந்தக் கோட்டில் நின்றேன், வெயில் என் முதுகுப் பக்கம். தெள்ளத் தெளிவாகப் பார்த்தேன். அவன் பாய்ந்து போய்ப் பந்தை எடுத்து, கீப்பரை ஏமாற்றி வலைக்குள் தட்டினான்.

என் கொடி மேலே நின்றது.

கை தானாகப் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பல வருஷம் முயன்றேன். தானாகப் போகவில்லை. இந்த கோல் நின்றால் என்னை என்னவெல்லாம் பேசுவார்கள் என்று யோசித்துத்தான் தூக்கினேன். அவன் வேலையை யோசிக்கவில்லை. அவன் மனைவியின் வயிற்றை யோசிக்கவில்லை. என் பெயரை மட்டும்தான் யோசித்தேன்.

நடுவர் விசில் ஊதி கோலை மறுத்தார். எங்கள் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்திவிட்டு, பழைய இடங்களுக்குத் திரும்பும் முன்பே எதிரணி ஃப்ரீ கிக்கை உதைத்துவிட்டது. பந்து அந்தப் பக்கம் போனது, இரண்டே பாஸில் கோல். சில நிமிஷங்களில் ஆட்டமும் முடிந்தது. எங்கள் கம்பெனிக்கு அந்தக் கோப்பை அங்கேயே முடிந்தது.

எங்கள் கம்பெனி ஆட்கள் என்னை அடிக்க வந்தார்கள். அடி வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. குறுக்கே வந்து நின்றவன் அவன்தான். முட்டியெல்லாம் செம்மண், கண் கலங்கியிருந்தது. "அவரு மேல கைய வெச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன். நீ எங்க இருந்த, அவரு எங்க இருந்தாரு? அவரு கொடி தூக்குனா ஆஃப்சைடுதாண்டா" என்றான். எதிரணி மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

மாதக் கடைசியில் டெம்பரரி ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அவன் சென்னீர்குப்பத்தில் லாரிக்கு பாடி கட்டும் ஷெட்டில் வேலை பிடித்து அந்தப் பக்கமே குடி போனான். சாமான் ஏற்றிய டெம்போவில் நானும் பீரோவுக்கு ஒரு கை கொடுத்தேன். அவர்கள் போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி அந்தச் சுவரைப் பார்ப்பாள். நான் பார்க்க மாட்டேன்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. சொந்தக் கம்பெனிக்கு எதிராகவே கொடி தூக்கிய லைன்ஸ்மேன் என்று என் பெயர் பரவி, பிரதான சுற்றுக்கு என்னை அனுப்பினார்கள். அவன் போயிருக்க வேண்டிய கேரளத்துக்கு நான் போனேன். ஆயிரக்கணக்கான பேர் கத்த, சுண்ணாம்புக் கோட்டின் மேல் கொடியோடு ஓடினேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. ராத்திரி படுத்தால்தான் இருக்காது. இறுதி ஆட்டத்தன்று ஒரு லெப்ட் அவுட் இடது ஓரமாகப் பாய்ந்து வந்தான். அவன் உண்மையாகவே ஆஃப்சைடு. கொடியைத் தூக்கத் தாமதமாகிவிட்டது.

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நானும் மனைவியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சின்னச் சட்டையும் வாங்கிக்கொண்டு சென்னீர்குப்பம் போனோம். ஆண் குழந்தை. இந்த முறை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவன் கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட தழும்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி சொன்னாள்.

"அண்ணா, ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும். இவரு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு."

"என்னைவிட நல்லவங்க எவ்வளவு பேர் இருக்காங்கம்மா" என்றேன்.

அவன் சிரித்தான். "இன்னா அண்ணாத்தே இப்டி சொல்லிட்ட? பக்கத்தூட்டுக்காரன், ஒண்ணா பூசைக்குப் போறவன். வேற எவனா இருந்தாலும் கம்முனு வுட்டுருப்பான். நீ தூக்குன பாரு. எம்புள்ள அப்டி வளரணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நான் அன்னிக்கு ஆஃப்சைடு இல்ல. எனக்குத் தெரியும். ஆனா உன் கண்ணுக்கு அப்டித் தெரிஞ்சிது. தெரிஞ்சதத்தான தூக்குன?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவன் காத்திருந்தான்.

"ஆமாம்பா" என்றேன்.

அவன் குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தான்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்று மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த அவன், பெருமையோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.