ஊசி மேல் விழுந்த பழி

எங்கள் பட்டினச்சேரியில் வெயில் படாத முகம் ஏது? என் கன்னம் இரண்டும் சிவந்து தடித்தபோது கடற்கரை வெயில் என்றார்கள். கால் வீங்கியபோது நின்று நின்று மீன் விற்றதால் என்றார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர்தான் லூபஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோயாம். சிறுநீர் நுரைத்துப் போவதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“கிட்னியில எவ்வளவு பாதிப்புன்னு பயாப்ஸி பண்ணாத்தாம்மா தெரியும். ஊசியால துளி சதை எடுப்போம். எந்த மருந்துன்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். ஒரு ராத்திரி இங்க தங்கணும்.”

அந்த ஒரு ராத்திரிதான் வினையாகிப் போனது. ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. தீமிதி முடியும்வரை வெளியூரில் யாரும் இரவு தங்கக் கூடாது. அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

“தீமிதி முடியட்டும். ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும்.”

கடலுக்குப் போகிற அண்ணனை நினைத்துத்தான் பயந்தாள். அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவரைக்கும் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையில் வீக்கம் வடிந்துவிட்டது. போதாதா? அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அம்மா மாவிளக்குப் போட்டாள். அதற்குப் பிறகு பாண்டிப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவாள். கூட ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். அண்ணனும் அவள் பக்கம்தான்.

பல மாதம் கழித்து, மூச்சு வாங்கி, கண் இமைகூட வீங்கிய பிறகுதான் கூட்டிப் போனார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லிச் சதையை எடுத்தார்கள். பெரிய வலி இல்லை. இதற்கா இவ்வளவு ஆட்டம் என்று அழுகைதான் வந்தது.

ரிசல்ட் வந்ததும் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “பெரும்பகுதி தழும்பாயிடுச்சும்மா. தழும்புக்கு மருந்து கிடையாது.” மிச்சமிருந்ததும் நிலைக்கவில்லை. இப்போது காரைக்காலில் டயாலிசிஸ்.

அம்மா ஊர் முழுக்க வேறு கதை சொல்கிறாள். ஊசி குத்தித்தான் கிட்னி கெட்டதாம். எத்தனையோ முறை சண்டை போட்டுப் பார்த்தேன். ஊசியைத் திட்டாவிட்டால் அவள் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். எங்கே விடுவாள்?

போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் வந்தாள். புதுசாகக் கல்யாணமானவள். அதே சிவந்த கன்னம், அதே வீங்கிய கால். அவளையும் பயாப்ஸிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“நாளைக்கே போடி. நான் லேட்டாப் போனதுலதான் கெட்டுச்சு,” என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

டயாலிசிஸுக்காக என் கையில் புடைத்து நின்ற நரம்பையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் போய் எடுத்தீங்கதானேக்கா,” என்றாள். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.