பச்சை வெள்ளரியும் என் வயிற்றுப் பையும்

எங்கள் அலுவலகத்தில் பகல் பன்னிரண்டு அடித்தால் ஹைக்கே தன் டப்பாவைத் திறந்து ஒரு முழு நூக்கலை வெளியே எடுப்பாள். சின்னக் கத்தியால் தோலைச் சீவி, விரல் விரலாக நறுக்கி, உப்புகூடப் போடாமல் நறுக் நறுக்கென்று கடிப்பாள். நூக்கல் என்றால் நமக்குக் குருமா, இல்லையென்றால் பருப்புப் போட்ட கூட்டு. தோல் சீவும்போது வருமே ஒரு பச்சை நாற்றம், அதை அப்படியே தின்பவளை நான் ஜெர்மனிக்கு வந்துதான் பார்த்தேன். நூக்கல் முடிந்தால் பச்சைக் காளான், அதன் பிறகு பச்சைக் காலிஃபிளவர். ரோகோஸ்ட் என்று இதற்கு ஒரு மரியாதையான பெயர் வேறு. எங்கள் ஊரில் இதையெல்லாம் மாடு தின்னும் என்று ஒருமுறை பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். உங்கள் ஊரில் மாடுகளுக்கே இவ்வளவு நல்ல உணவா என்று அவள் அகமகிழ்ந்து போனாள். 

எங்கள் ஊர் திருத்தணியில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கொஞ்சம் அருவருப்பான கட்டுரை. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். மூன்று வருடம் பெருங்குடல் முழுக்கப் புண்ணோடு அல்லாடினேன். அது மருந்து எதற்கும் அடங்காமல், கடைசியில் இங்கே அந்தக் குடலையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே இழுத்துத் தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இலியோஸ்டமி என்று பெயர். நீங்கள் கழிவறையில் உட்கார்ந்து முடிக்கிற வேலை எனக்கு இருபத்துநாலு மணி நேரமும் இந்தப் பைக்குள் நடக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது நடக்கும், தூங்கும்போது நடக்கும், பையை மாற்றும்போதே கண்ணெதிரில் நடக்கும். ச்சீ என்று நீங்கள் முகம் சுளித்தால் எனக்குக் கோபம் வராது. நானே ஒரு வருடம் சுளித்தேன், இன்னமும் சில காலைகளில் சுளிக்கிறேன்.

இந்த ஜெர்மன்காரர்களுக்கு அந்தச் சுளிப்பே கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் பெரிய அருவருப்பு. இந்தப் பைக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் என் கட்டிலுக்கு வந்து, கையில் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு, வெளியே வருவது எப்படி இருக்கிறது, கஞ்சி மாதிரியா, பற்பசை மாதிரியா, தண்ணீர் மாதிரியா என்று சிரித்த முகமாகக் கேட்டார். நம் ஊரில் டாக்டரிடம்கூட "வெளியே போறது" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வோம். நான் மனதுக்குள் தோசை மாவு என்று அளந்துவிட்டு, வாயால் கஞ்சி என்றேன். நினைத்திருக்கவே கூடாது. அதன்பிறகு ஒரு மாதம் தோசை இறங்கவில்லை.

பச்சைக் காயைப் பற்றிய விதிகளையும் அவர்தான் சொன்னார். முதல் இரண்டு மாதம் பச்சையாக எதுவுமே கூடாது. பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு காய், அதுவும் இரண்டு ஸ்பூன். தோல் சீவி, விதை நீக்கி, பகலில்தான் சாப்பிட வேண்டும். ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் நேரம் அல்லவா. வாயிலேயே கூழாகும்வரை, குறைந்தது முப்பது தடவை மெல்ல வேண்டும். கூடவே தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பார்த்து, வயிறு ஒத்துக்கொண்டால்தான் அடுத்த காய். வயிற்றுத் தசைக்குள் குடல் நுழைந்து வரும் வழி குறுகலாக இருப்பதால், மெல்லாத நார் ஒன்று அங்கே போய் நின்றால் சமையலறைத் தொட்டிக் குழாய் மாதிரி அடைத்துக்கொள்ளும். அடைத்து இறங்காவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்கவேண்டி வரலாம். தேங்காய், காளான், மக்காச்சோளம், பச்சை முட்டைக்கோஸ் எல்லாம் ஆபத்து என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் கொத்தவரங்காய் இல்லை, முருங்கைக்காய் இல்லை. வாழைத்தண்டு சாப்பிடலாமா என்று கேட்டேன். அவர் கைப்பேசியில் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் பகுதியில் பஞ்சமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மரத்தின் அடியை வெட்டித் தின்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல.

எட்டு மாதம் குழைந்த சாதமும் மசித்த உருளைக்கிழங்கும் தின்ற வாய்க்கு ஒரு வெறி வந்தது. எதை யார் மென்றாலும் எனக்குக் குமட்டுமோ அந்தப் பச்சைக் காய்மேலேயே ஆசை வந்தது. ஆக, ஒரு சனிக்கிழமை பகலில் வெள்ளரிக்காயைத் தோல் சீவி, விதையைச் சுரண்டி எடுத்து, இரண்டு ஸ்பூன் வாயில் போட்டேன். பத்து வரை வெள்ளரிக்காய். இருபதில் ருசி போய்விடும். முப்பதில் வாய்க்குள் இருப்பது வெதுவெதுப்பான எச்சில் கூழ், வேறொருவர் மென்று நம் வாயில் துப்பியது மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்து காரட் துருவல், பிறகு தக்காளியின் சதை மட்டும். நாலு பேர் முன்னால் மட்டும் மெல்ல மாட்டேன். மாடு அசைபோடுவது மாதிரி இருப்பது எனக்கே தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் கல்யாணம் வந்தது. அக்காவும் அவள் வீட்டுக்காரர் பாவாவும் திருத்தணியில் இருக்கிறார்கள், திருவாலங்காட்டுப் பக்கம் அவர்களுக்குக் கரும்பு நிலம். மலைமேல் முருகன் சந்நிதியில் தாலி, கீழே மண்டபத்தில் சாப்பாடு. மாப்பிள்ளை வீடு பொதட்டூர்பேட்டை. நான் போய் இறங்கியதுமே அக்கா என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். ஆபரேஷன் என்று தெரியும், பை என்று தெரியும், போனில் கேட்டிருக்கிறாள், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. இப்போதும் என் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்காமல்தான் பேசினாள்.

"சம்பந்தி வூட்ல யாருக்கும் தெரியவேணாம்டி. பரம்பரையா இருக்குமோன்னு பொண்ணப் பத்திப் பேசுவாங்க. அப்புறம்... அதோட மலைக்கு வரலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. மலை ஏறுகிற அத்தனை பேரும் அதைச் சுமந்துகொண்டுதான் ஏறுகிறார்கள், என்னுடையது மட்டும் வெளியே தெரிகிறது என்றேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் வேனில் எனக்கும் இடம் போட்டிருந்தாள். கிளம்புவதற்கு முன் மண்டபத்துக் கழிவறையில் பையைக் காலி செய்தேன். கதவில் தாழ்ப்பாள் இல்லை, தரையெல்லாம் யாரோ நடந்த சேறு, மூலையில் ஊறிப்போன வெற்றிலைத் துப்பல். பட்டுப்புடவையை இடுப்பில் சொருகி, ஒரு காலால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குந்திச் செய்ய வேண்டியிருந்தது. என் பையில் இருந்ததுதான் அந்த அறையிலேயே சுத்தமான பொருள்.

தாலி நல்லபடியாக ஏறியது. கீழே வந்து முதல் பந்தியிலேயே என்னை உட்கார வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பந்தி உங்களுக்குத் தெரியும். பாதிச் சாப்பாட்டிலேயே அடுத்த பந்திக்காரர்கள் வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வரிசையே ஒன்றாக எழுந்திருக்கும், ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து அசைபோட முடியாது. இலையின் ஓரத்தில் கொசுமல்லி வைத்தார்கள். ஊறிய பாசிப்பருப்பு, தோலோடு நறுக்கிய வெள்ளரி, பச்சை மாங்காய், கை நிறையத் தேங்காய்ப் பல்லு. கூடாது என்று செவிலியர் சொன்னதெல்லாம் தாளித்து என் முன்னால் இருந்தது. அதைத் தொடாமல் சாதத்தையும் ரசத்தையும் மட்டும் மென்றுகொண்டிருந்தேன். என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளையின் அம்மா.

"இன்னாங்க, அத்த அப்டியே வெச்சிக்கினு கீறீங்க? ஃபாரின்ல இருந்துட்டு நம்ம சாப்பாடு புடிக்கலியா?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கண்ணும் என்மேல் விழுந்தது. ஜெர்மனியில் என்றால் வேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதும், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இங்கே வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. கொசுமல்லியை அள்ளி வாயில் போட்டு, நாலே மெல்லலில் விழுங்கினேன். நல்லா இருக்குங்க என்று சிரித்தேன். நான் எழுந்ததும் அவர் திருப்தியாக என் நாற்காலியை இழுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு அக்கா வீட்டில் படுத்திருந்தபோது வலி பிடித்தது. அலை அலையாக வந்து வயிற்றை முறுக்கிப் பிழிந்தது. பையைத் தொட்டுப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு சொட்டு இல்லை. துளையைச் சுற்றிக் குடல் வீங்கிச் சிவந்து, பையின் வாய் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. நிறைந்தால் நாறுகிறதே என்று எந்தப் பையைச் சபித்தேனோ, அதற்குள் ஏதாவது விழாதா என்று கைகூப்பிக்கொண்டு கிடந்தேன். இப்படி ஒரு வேண்டுதலை அந்த மலை கேட்டிருக்காது. மண்டபத்தில் இருந்த அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஆறு மணிக்குப் பெண்ணைப் பொதட்டூர்பேட்டைக்கு அனுப்பிவைக்க வேண்டியவள், தாலி கட்டும்போது உடுத்திய அரக்குப் பட்டோடு ஓடி வந்தாள். வாசலில் பாவா காரைத் திருப்பி நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்கு இப்பவே போய்டலாம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னும் அரை மணி பார்க்கலாம், வாந்தி வந்தால் உடனே கிளம்பிவிடுவோம் என்றேன். செவிலியர் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் செய்தோம். சூடான டீயை மடக்கு மடக்காகக் குடித்தேன். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் படுத்தேன். துளையைச் சுற்றி வயிற்றைத் தேய்த்துவிட வேண்டும், முழங்காலைக் கட்டிப் பிடித்திருந்த என் கைகளை விட முடியவில்லை. அக்கா சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலேயே கையை வைத்தாள். அது விறைப்பாக இருந்தது, செத்த எலியைத் தொடுகிற கை. கொஞ்ச நேரத்தில் வலி வருகிற இடம் அவளுக்குப் பிடிபட்டது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள், தலைப்பு நழுவியது, இரண்டு கையாலும் தேய்த்தாள். பையின் வாய் இறுக்குகிறதே என்று நான் அதை உரித்து, பெரிய வாயுள்ள பையை எடுப்பதற்குள், மடைதிறந்த மாதிரி பீய்ச்சிக்கொண்டு வந்தது. பாசிப்பருப்பு முழுசாக, தேங்காய்ப் பல்லு முழுசாக, தோலோடு வெள்ளரி. எல்லாம் அக்காவின் பட்டுப்புடவைமேல்.

"வந்துட்ச்சிடி, வந்துட்ச்சி" என்றாள் அக்கா, பிரசவம் பார்த்தவள் மாதிரி. அவள் கண்ணில் தண்ணீர். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஆறு மணிக்கு வேறு புடவை கட்டிக்கொண்டு போய் மகளை அனுப்பிவைத்தாள். காப்பி கொட்டிவிட்டது என்று சம்பந்தியிடம் சொன்னாளாம். எனக்கு அன்றைக்குக் கஞ்சித் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்தான்.

இரண்டு நாள் கழித்து, கஞ்சியிலிருந்து சாதத்துக்கு நான் தேறியிருந்த பகலில், அக்கா என்னைச் சமையலறையில் உட்கார வைத்தாள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவிய வெள்ளரி ஒன்றைத் தோல் சீவி, விதையை வழித்து, மெல்லிசாகத் துருவி, இரண்டே ஸ்பூன் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். அந்த விதிகளையெல்லாம் என் நோட்டைப் பார்த்து பாவா படித்துச் சொன்னாராம். எனக்கு எதிரே உட்கார்ந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. முதல்முறையாக ஒருத்தர் பார்க்க நான் மென்றேன். அவள் உதடசைத்து எண்ணினாள்.

இருபதைத் தாண்டி வாயில் அந்த எச்சில் கூழ் குமட்டியபோது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். பின்கட்டில் துணிக்கொடி முழுக்க வீட்டார் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அரக்குப் பட்டு அங்கே இல்லை. குப்பையிலும் இல்லை. தள்ளி, கொல்லைச் சுவர்மேல், துவைத்து விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு செங்கல்லை ஏற்றி வைத்திருந்தாள். மூன்றாவது நாளாக அது அங்கேயேதான் கிடந்தது. அக்கா என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். 

"இன்னும் எட்டு கீது," என்றாள். "மெல்லு."

மென்றேன்.