சும்மா இருக்கப் போன ஊர்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைக்காரரிடம் கிரீசுக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"பிறகு என்னத்துக்குப் போறியள்?"

லண்டனுக்குப் போனால் கலியாண வீடு, ஜெர்மனிக்குப் போனால் செத்தவீடு. யாருமே இல்லாத ஊருக்கு, படுத்துக் கிடப்பதற்கென்றே விமானம் ஏறுவது எனக்குப் புதிது. மகளுக்கு அந்த வருடம்தான் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. முதல் விடுமுறையில் என்னை ஏதென்சுக்குப் பக்கத்தில் உள்ள வூலியாக்மேனி என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போக முடிவெடுத்து, கேட்காமலே ஹோட்டலும் பிடித்துவிட்டாள். "நாலு நாள் ஒரு வேலையும் செய்யாமல் இருங்கோ. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை," என்றாள். சரி என்று சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன்.

பாரிசில் நான் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். பத்தொன்பது வருடமாகப் புறநகரான லெ பிளாங்-மெனிலிலிருந்து விடியவே ரயிலேறுகிறேன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கட்டில் விரிப்பின் தளர்ந்த மூலைதான் முதலில் என் கண்ணில் படும். யன்னலுக்கு வெளியே ஐஃபில் கோபுரமே நின்றாலும் அது அதற்குப் பிறகுதான்.

வூலியாக்மேனி பணக்காரர்களின் இடம். பைன் மரங்களுக்குள் வெள்ளை வீடுகள், துறை நிறைய உல்லாசப் படகுகள், சாய்மனைக் கதிரைக்கே கோப்பி கொண்டுவந்து தர ஓர் ஆள். கடலும் நல்ல நீலம். பத்து நிமிடம் பார்த்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழும்பி என் துவாயை மடித்தேன். பக்கத்துக் கதிரையில் யாரோ விட்டுப்போன துவாயையும் மடித்தேன். மகள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். துடைத்த கையை அதில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

போய் இறங்கிய அன்று எங்கள் அறைக்குத் துவாய் கொண்டுவந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அடுத்த நாள் காலை, "நீ போய்ச் சாப்பாட்டு மேசையைப் பிடி, நான் வாறன்," என்று மகளை அனுப்பிவிட்டு, இரண்டு கட்டில்களையும் விரித்துக் குளியலறையைத் துடைத்தேன். தொந்தரவு செய்யவேண்டாம் என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டுப் போனேன். பாரிசில் அந்த அட்டையைக் கண்டால் முருகா என்று அடுத்த கதவுக்குப் போவோம். எங்களுக்கு ஓர் அறை வேலை மிச்சம். அவளுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். பின்னேரம் மகளுக்கு முன்னே ஓடிவந்து அட்டையைக் கழற்றினேன். மறுநாளும் இதே திருகுதாளம்.

அதற்கும் அடுத்த நாள் கட்டில்களை விரித்து முடித்துக் கதவைத் திறந்தால், வாசலில் மகளும் அந்தப் பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது.

"அம்மா, நீங்களோ அட்டை மாட்டினது?"

"ஓம்."

கோபம் வந்தால் மகள் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். மாறினாள். முதல் நாள் அந்தப் பெண் எங்கள் அறைக்குள் வந்துபோன பிறகு நாங்கள் அவளை உள்ளே விடவில்லை. அது ஏன் என்று மேற்பார்வைக்காரி கேட்கிறாளாம். ஏதாவது காணாமல் போனதா என்றும் கேட்டுவிட்டாளாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. பாரிசில் ஒருமுறை யாரோ ஒருத்தியின் காதணிக்காக என் கைப்பையை மேசையில் கொட்டிக் காட்டியிருக்கிறேன். அந்த வெட்கத்தை இன்னொருத்திக்கு நானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

அவளை உள்ளே கூப்பிட்டேன். ஆனால் அவள் செய்ய அங்கே என்ன இருந்தது? ஒரு கட்டிலில் நான் விரித்த விரிப்பை நானே உருவிக் கீழே போட்டேன். துவாய்களைத் தண்ணீரில் நனைத்தேன். அவள் முதலில் பயந்துபோய்ப் பார்த்தாள். பிறகு, நான் இன்னும் உருவாத கட்டிலின் இறுக்கிச் செருகிய மூலையை விரலால் தடவி, என் கையைப் பார்த்து, "ஹோட்டல்?" என்றாள். தலையாட்டினேன். அவள் சிரித்தாள். மற்ற விரிப்பை உருவ நான் குனிந்தபோது அதை என் கையிலிருந்து பறித்து, வெளியே போய் இரு என்று பல்கனியைக் காட்டினாள்.

போய் இருந்தேன். உள்ளே விரிப்பு உதறும் சத்தம் கேட்டது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மகள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"நான் கேக்கேக்கை நீங்கள் இருக்கேல்லை. அவ சொன்னவுடனை இருந்திட்டியள்," என்றாள்.

அவள் குரல் உடைந்திருந்தது. அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழும்பியிருப்பேன்.