ரேடியோவில அழுத பிள்ளை

எங்கட ஊர் முரசுமோட்டைச் சனத்தை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை. என்ர ஐயாவையும்தான். திமிர் பிடிச்சவள் எண்டு ஆரும் சொன்னால் சொல்லட்டும்.

அறுபதுகளில, பத்து வயதில இருந்து நான் கொழும்பு ரேடியோவில நடிச்சனான். சனிக்கிழமை பின்னேரங்களில ஒரு தொடர் நாடகம். அதில நான் தாயில்லாத பொடியன். வெள்ளிக்கிழமை ஐயாவோட பரந்தனில ரெயினேறிப் போவன். மைக்குக்கு முன்னால நான் நிண்டு அழ, அந்த நேரமே இஞ்ச எங்கட விறாந்தையில இருந்து ஊர் அழும். ரேடியோ எங்கட வீட்டில மட்டும்தான். ஆனா சனத்தின்ர நினைப்பு வேற. பாட்டுத்தட்டு மாதிரி முதலே பிடிச்சுவைச்சு விடுறாங்களாம்! அந்த நேரமே நேரடியா நடிக்கிறது எண்டு எவ்வளவு சொன்னாலும் நம்பாதுகள். எண்டாலும், வெட்டின கைக்குச் சுண்ணாம்பு தராத சனம் எனக்கெண்டு கண்ணீர் விட்டுது. பெருமையில ஐயாவைப் பிடிக்கேலாது.

பன்னிரண்டு முடியேக்க, ஒரு வியாழக்கிழமை, நான் பெரியபிள்ளையானன். அவ்வளவுதான். மூலையறையில இருத்திப்போட்டு அம்மா பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கினா.

"அப்ப சனிக்கிழமை நாடகம்?" எண்டு கேட்டன்.

"துடக்கோட கொழும்புக்கோ? உனக்கென்ன விசரே?"

பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு ஐயா தந்தி அடிச்சார். வேற பிள்ளையைப் போட்டினம் எண்டால் அந்த இடம் எனக்குத் திரும்பிக் கிடையாது. அது எனக்கு வடிவாத் தெரியும். ஒரேயொரு நம்பிக்கைதான் இருந்துது. குரல் மாறினதைக் கேட்டவுடனை சனம் குழம்பும், "இது எங்கட பிள்ளை இல்லையே" எண்டு ஐயாவை நெருக்கும், அவரும் ரோசத்தில என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார்.

சனிக்கிழமை கதவிடுக்கில காதை வைச்சுக்கொண்டு இருந்தன். ரேடியோவில ஆரோ ஒருத்தி என்ர வசனத்தைச் சொன்னாள். மூக்கால! சத்தியமா மூக்காலதான் கதைச்சாள். இப்ப கேப்பினம், இப்ப கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அவள் அழ, விறாந்தையில மூக்குச் சிந்துற சத்தம்தான் கேட்டுது. கோதாரியில போன சனம்!

நாடகம் முடிய, "உங்கட பிள்ளை இண்டைக்கு எல்லாரையும் அழவைச்சுப்போட்டாள்" எண்டு ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டுது. ஐயாவுக்கு உண்மை தெரியும். சொல்லுவார் எண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

"ஓம், எல்லாம் அவளின்ர கெட்டித்தனம்" எண்டார் ஐயா.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கொஞ்ச நேரத்தில ஐயான்ர தங்கச்சி, என்ர மாமி, உழுத்தங்களி கொண்டு உள்ள வந்தா. அழுது அழுது கண் சிவந்திருந்துது.

"நீ இதுவரைக்கும் நடிச்சதுக்குள்ள இதுதான் திறம், பிள்ளை."

"அது நானில்லை!" எண்டு கத்தினன்.

மாமி பாய்ஞ்சு வந்து என்ர வாயைப் பொத்தினா.

"மெல்லக் கதையடி. விறாந்தையில ஆம்பிளையள் இருக்கினம்."