உறுதி அட்டையும் ஓலை வாசிப்பும்

அந்த வியாழக்கிழமை காலை எங்கள் கோவில் பங்குக் கந்தோரில் தொலைபேசி அடித்தபோது, அங்கே எழுதுவினைஞராக இருந்த நான் உறுதி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேசினவர் அடம்பன் பக்கத்துப் பங்கொன்றின் எழுதுவினைஞர்.

"உங்கட பங்கில பிலோமினா எண்டு ஒரு ஆள் இருக்கிறா எல்லே? அவவின்ர மகளை எங்கட பெடியன் ஒருத்தன் கட்டுறான். பிள்ளையின்ர ஞானஸ்நானத் துண்டு இன்னும் வரேல்ல. சனி பின்னேரத்துக்குள்ள வராட்டி இந்த ஞாயிறு ஓலை வாசிக்கேலாது."

ஓலை வாசிப்பது என்றால், கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பொம்பிளையின் பெயர்களை அறிவிப்பது. விபூதிப் புதனுக்கு முன் மூன்று ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு தவக்காலம், கலியாணம் நடக்காது. மாப்பிள்ளை கட்டாரிலிருந்து லீவில் வந்தவர். உயிர்த்த ஞாயிறு வரை நிற்க அவருக்கு லீவு இல்லை.

தொலைபேசியை வைத்தேன். பிலோமினா திங்கட்கிழமை கந்தோருக்கு வந்தவர். அவர் என்னத்துக்கு வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திங்கட்கிழமை நடந்தது

அதற்கு முந்திய வருடம்தான் எங்கள் பங்கில் உறுதி அட்டை தொடங்கியது. கோவில் கூரை பழுது. ஒவ்வொரு குடும்பமும் வருடத்துக்கு இவ்வளவு தருவோம் என்று அட்டையில் எழுதிக் கையெழுத்து வைக்கும். மாதாமாதம் கட்டக் கட்ட நான் பதிவேன். கட்டாதவர்களின் பெயரும் தெரியும்படி கோவில் வாசல் பலகையில் பட்டியல் ஒட்ட வேண்டும் என்று அருட்பணிச் சபைப் பொருளாளர் சொன்னார். அவர் நாலு படகு வைத்திருக்கும் சம்மாட்டி. "பேர் வெளியில நிண்டாத்தான் மிஸ், சனம் கட்டும்" என்பார். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. பலகையில் ஒட்டியதும் நான்தான்.

பிலோமினாவின் புருஷன் சொந்த வலை வைத்துத் தொழில் செய்தவர். கையில் காசு புழங்கின நேரத்தில் அவர்கள் தாராளமாகவே எழுதினார்கள். ஐப்பசியில் ரோலர் இழுவைப்படகு ஒன்று அவர்களின் வலையை அறுத்து இழுத்துக்கொண்டு போனது. அதிலிருந்து அட்டையில் மூன்று மாதம் வெறுமை. வலை போனது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

திங்கட்கிழமை பிலோமினா படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்று பட்டியலைப் புதுப்பிக்க வேண்டிய நாள். சம்மாட்டி இரண்டு தரம் கேட்டுவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்த உடனே, இருங்கோ என்றுகூடச் சொல்லாமல், "பிலோமினா, அட்டையில மூண்டு மாசம் சும்மா கிடக்கு. என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன்.

"பாப்பம் அக்கா."

"வேற என்ன அலுவல்?"

"ஒண்டுமில்ல அக்கா. சும்மா வந்தனான்."

ஒருவரும் பங்குக் கந்தோருக்குச் சும்மா வருவதில்லை. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நான் பட்டியலுக்குத் திரும்பிவிட்டேன்.

மன்னார் வரைக்கும்

அந்த வியாழக்கிழமையே ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பிள்ளையின் பெயரைத் தேடித் துண்டு எழுதினேன். அவசரத்தில் பிழைவிட்டு இரண்டாவது தரமும் எழுத வேண்டிவந்தது. பாதரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் திகதியைப் பார்த்தார்.

"கலியாணத்துக்கு இவ்வளவு கிட்ட வந்தே கேக்கிறது?"

"அவ கேக்கேல்ல பாதர். இப்பதான் தெரியும்."

அது பொய் இல்லை. ஆனால் முழுதும் உண்மையும் இல்லை. அந்த அரைகுறைப் பதிலோடு வெளியே வந்தேன்.

துண்டோடு பிலோமினாவின் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. புருஷன் வாசலில் இருந்து, வேறு ஒருவரின் வலையைக் கூலிக்குப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மன்னாருக்குப் போட்டா. பிள்ளைக்கெண்டு வச்சிருந்த தோட்டை ஈடு வைக்க."

"இப்ப ஏன் ஈடு?"

அவர் ஊசியை நிறுத்தாமல் சொன்னார்: "கோயில் காசைக் கட்டிப்போட்டுத்தானே துண்டு கேக்கலாம்."

பஸ்ஸுக்கு நிற்க மனம் பொறுக்கவில்லை. ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரர் எதையோ கதைத்துக்கொண்டே வந்தார்; ஒன்றும் காதில் விழவில்லை. மன்னாரில் முதல் அடகுக் கடையில் பிலோமினா இல்லை. இரண்டாவதில், சுவரோரக் கதிரையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி முறைக்குக் காத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். நான் மிச்சக் காசு கேட்டு அங்கேயும் வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

துண்டை நீட்டினேன். அவர் வாங்கி, மகளின் பெயரை விரலால் தொட்டு வாசித்தார்.

"அப்ப அட்டை?"

"அட்டைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பிலோமினா."

"அண்டைக்கு நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லயே அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, துண்டை மாப்பிள்ளையின் பங்கில் கொண்டுபோய்க் கொடுக்க அடம்பன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பஸ் ஏறும்வரை கூட நின்றேன். தோடு கைப்பையிலேயே இருந்தது.

பிறகு

ஞாயிறு ஓலை வாசிக்கப்பட்டது. விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முந்திக் கலியாணமும் நடந்தது. பாதருக்கு அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அதற்கு முன்னரே, வெள்ளிக்கிழமை, நான் பாதரிடம் திங்கட்கிழமை நடந்ததை முழுவதும் சொல்லியிருந்தேன். அவர் எழும்பிப் போய்ப் பலகையிலிருந்த பட்டியலைத் தன் கையால் கிழித்தார். சம்மாட்டி ஆத்திரப்பட்டார். "இனி ஆரும் கட்டமாட்டினம், பாருங்கோ" என்றார். அவர் சொன்னது பாதி சரி. அந்த வருடம் காசு குறைந்தது. கூரையின் இடதுபக்கம் அடுத்த மாரியிலும் ஒழுகியது. வாளி வைத்துப் பூசை கண்டோம்.

இப்போது கந்தோர்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அட்டை மேசை லாச்சிக்குள் இருக்கட்டும். வருகிறவரை முதலில் இருத்துங்கோ. என்ன அலுவலாக வந்தார் என்று கேளுங்கோ. அவர் சொல்லி முடிக்கும்வரை வேறு எதையும் கேட்காதேயுங்கோ. நான் கடைசி எட்டு வருடமும் அப்படித்தான் செய்தேன்.

பிலோமினா பூசைக்கு வருவார். பூசை நடுவில் ஆளுக்கு ஆள் சமாதானம் சொல்லும்போது கை கூப்புவார், சிரிப்பார். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு எழுதிக்கொடுக்கப் புருஷனைத்தான் அனுப்பினார். நான் ஓய்வுபெறும் வரை அவர் கந்தோர்ப் படி ஏறவில்லை.